பழைய கார்களின் டிரம் பிரேக்: சத்தத்தைக் கொண்டு பழுதைக் கண்டறிதலும் உதிரிகளை மாற்றுதலும்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர் கணவாயின் இறக்கமும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் வளைவுகளும் இருக்கும்வரை, எங்கள் பகுதியில் பழைய அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர் பிரேக்கை அலட்சியம் செய்ய முடியாது. 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடரிலும், ஃபியட் 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினியிலும் நெடுங்காலம் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான் இருந்தது. சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மின் உட்பரப்பில், ஷூ எனப்படும் வளைந்த இரும்புத் துண்டுகள் தம்மேல் பதித்த லைனிங் என்னும் உராய்வுப் பட்டையை அழுத்துவதே டிரம் பிரேக். அம்பாசடரின் பிற்கால வண்டிகள் சிலவற்றில்தான் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. டிரம்மிலிருந்து கீச்சொலி எழுந்தவுடன் பட்டறையில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் "லைனிங் மாத்திடலாம்" என்பதாகவே இருக்கும். ஆனால் கீச்சொலிக்கும் லைனிங் தேய்ந்திருப்பதற்கும் தொடர்பு குறைவு. டிரம்மின் வளைவோடு பொருந்தாத புதிய லைனிங், தேய்ந்த பழைய லைனிங்கைவிடக் கூடுதலாகவே கத்தும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், சத்தம் பெடலை அழுத்தும்போது மட்டும் வருகிறதா, அழுத்தாதபோதும் வருகிறதா, அழுத்தியவுடன் நிற்கிறதா என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பழுது இருக்கும் இடத்தைப் பாதிக்குமேல் இதிலேயே கண்டுகொள்ளலாம்.

திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் சென்றால் பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயாக வெளிப்படுகின்றன. எனவே டிரம்முக்குள் இருக்கும் கரும்பொடியை ஏர் பைப்பால் ஊதித் தள்ளும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். சோப்பு நீரைத் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பட்டறையில் பையன்கள் வாயால் ஊதுவதைக் கண்டால் வண்டியின் சொந்தக்காரரே தடுக்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்டின் மேல் இறக்கி வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பின் சக்கரங்களைத் திறக்கும்போது ஹேண்ட் பிரேக்கை முழுவதும் விடுவித்தாக வேண்டும் என்பதால், முன் சக்கரக் கட்டைகள் இங்கே கட்டாயம்.

அறிகுறி: பிரேக் பிடிக்கும்போது மட்டும் நீண்ட கீச்சொலி

மிகுதியாகக் கேட்கப்படும் புகார் இதுவே. தவறான மருந்து அதிகம் கொடுக்கப்படுவதும் இதற்கே. லைனிங் டிரம்மின்மேல் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மிக வேகமாக மாறி மாறி இயங்கும்போது ஷூவும், அதைத் தாங்கும் சுழலாத தகடான பேக் பிளேட்டும், டிரம்மும் சேர்ந்து அதிர்கின்றன. அந்த அதிர்வே கீச்சொலியாகக் காதில் விழுகிறது. அதிர்வுக்கு இடம் கொடுப்பவை எவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால் சத்தம் அடங்கும்.

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனியில் நின்ற வண்டி, காலையில் முதல் சில முறை பிரேக் பிடிக்கும்போது கத்திவிட்டுப் பிறகு அமைதியாகிவிட்டால், அது டிரம்மின் உட்பரப்பில் இரவோடு இரவாகப் படிந்த மெல்லிய துரு. அதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை.

நாள் முழுவதும் கத்தினால் டிரம்மைக் கழற்றி, லைனிங்கின் முகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கினால் அது சூட்டில் இறுகிப்போன லைனிங். முரட்டு உப்புத்தாளைச் சமமான கட்டையில் சுற்றி மினுமினுப்பு போகும்வரை மட்டும் தேய்க்கலாம். விரலால் அழுத்தித் தேய்த்தால் நடுவில் பள்ளம் விழும். இந்தத் தேய்ப்பு தற்காலிக நிவாரணமே. லைனிங் மறுபடி மறுபடி மினுங்கினால், அதன் தரம் வண்டிக்கு ஒத்துவரவில்லை என்றோ, ஷூ விடுபடாமல் உரசிக்கொண்டே ஓடுகிறது என்றோ கொள்ள வேண்டும்.

உண்மையான காரணம் பெரும்பாலும் லைனிங் டிரம்மைத் தொடும் இடத்தில் இருக்கிறது. இதைக் காண ஒரு பழைய முறை உண்டு. டிரம்மின் உட்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை அதன்மேல் குறுக்குவாட்டில் தேய்த்து வெள்ளைப் பூச்சாக்கிக்கொள்ள வேண்டும். டிரம்மை மாட்டி, பின் சக்கரமானால் ஹேண்ட் பிரேக்கை இலேசாக இழுத்தும், முன் சக்கரமானால் உதவிக்கு ஒருவரை உட்காரவைத்துப் பெடலை மெல்ல அழுத்தச் சொல்லியும், டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி கழற்ற வேண்டும். லைனிங்கில் வெள்ளை ஒட்டிய இடமே டிரம்மைத் தொடும் இடம். நடுவில் அகலமாக ஒட்டியிருந்து இரு முனைகளிலும் சிறிது இடம் கருப்பாகவே இருந்தால் கவலையில்லை. முனைகள் இரண்டும் வெளுத்து நடுப்பகுதி கருத்திருந்தால் லைனிங்கின் வளைவு வட்டம் டிரம்மின் வட்டத்தைவிடப் பெரிது. ஷூ தன் இரு முனைகளால் டிரம்மைக் கவ்விப் பிடிக்கிறது. எத்தனை கிரீஸ் வைத்தாலும் இந்த வண்டி கத்தாமல் இருக்காது. வெள்ளை ஒரே ஓரமாக, அதாவது பேக் பிளேட் பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ மட்டும் ஒட்டியிருந்தால் ஷூ வளைந்திருக்கிறது, அல்லது டிரம் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது.

முனைகள் கவ்வும் ஷூவுக்கு, லைனிங்கை டிரம்மின் இப்போதைய அளவுக்கு ஏற்ப அரைத்துத் தருவதே சரியான தீர்வு. முன்பு லைனிங் ஒட்டும் கடைகளில் இதற்கெனத் தனி மெஷின் இருந்தது. இப்போதும் லாரிகளுக்கு ஷூ கட்டும் கடைகள் சிலவற்றில் கேட்டால் செய்து தருவார்கள். அப்படிக் கிடைக்காதபோது இரு முனைகளிலும் சுமார் 5 மி.மீ. அளவுக்கு அரத்தால் சாய்வு எடுத்து, சாக்பீஸ் சோதனையைத் திரும்பச் செய்து, தொடும் இடங்களைச் சிறிது சிறிதாக இழைத்து வர வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் பலன் நிச்சயம். முனைச்சாய்வு இல்லாமல் வரும் புதிய லைனிங்கை அப்படியே மாட்டுவதைவிட, இரண்டு நிமிடம் அரம் போட்டு மாட்டுவது எந்த வண்டிக்கும் நல்லது.

அடுத்து, ஷூவின் இரும்பு விளிம்பு உரசி நகரும் பேக் பிளேட் மேடுகளைப் பார்க்க வேண்டும். அவை துருப்பிடித்தோ காய்ந்தோ இருந்தால் ஷூ விக்கி விக்கி நகர்ந்து அதிர்கிறது. மேடுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, பள்ளம் விழுந்திருந்தால் சமப்படுத்தி, உயர்வெப்பத்தைத் தாங்கும் கிரீஸை விரல்நுனியில் தொட்டு மெல்லிய படலமாக மட்டும் பூச வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்கின்மேல் வழியும். அது சத்தத்தைவிடப் பெரிய தொல்லை.

அறிகுறி: உலோகம் உலோகத்தை அரைக்கும் கரகரப்பு

பெடலை அழுத்தினால் கரகரவென்று அரைத்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. ரிவெட் அடித்த லைனிங் தேய்ந்து ரிவெட்டின் தலை டிரம்மைத் தொட்டுவிட்டால், டிரம்மின் உட்பரப்பில் ரிவெட் வரிசைக்கு நேராகப் பளபளப்பான கோடுகள் ஓடும். நகத்தால் குறுக்கே வருடினால் பள்ளம் தெரியும். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 1 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டாலே மாற்றிவிட வேண்டும். பசையால் ஒட்டிய லைனிங்கில் ரிவெட் இல்லை என்பதால் கடைசிவரை ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். லைனிங் தேய்ந்து போனபின் ஷூவின் இரும்பே டிரம்மை அரைக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பெடலை அழுத்தாதபோதும் கரகரப்பு இருந்து, வண்டியைச் சிறிது பின்னோக்கி ஓட்டினால் அது மாறினாலோ நின்றாலோ, டிரம்முக்கும் பேக் பிளேட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கியிருக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் இது மிகச் சாதாரணம். பேக் பிளேட்டில் அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) துளையை மூடும் ரப்பர் மூடி பல வண்டிகளில் இருப்பதே இல்லை. கல்லையும் பொடியையும் துடைத்துவிட்டு அந்த மூடியைப் போடாமல் விட்டால் அடுத்த மாதமே மறுபடியும் திறக்க வேண்டி வரும்.

அறிகுறி: பிரேக் பிடிக்கும்போது "டக்" என்ற ஒற்றை ஒலி அல்லது சீரான டக்டக்

லேத்தில் டிரம் கடைந்து வந்தபின் புதிதாக இந்த ஒலி தோன்றினால் கடைந்த முறையே காரணம். கருவியை வேகமாக நகர்த்திக் கடைந்தால் டிரம்மின் உட்பரப்பில் திருகின் மரைபோல் ஒரு நீண்ட வரி விழுகிறது. லைனிங் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறி, ஓர் எல்லைக்கு வந்ததும் ஸ்பிரிங்கின் இழுப்பில் டக்கென்று பேக் பிளேட்டில் மோதித் திரும்புகிறது. உப்புத்தாளால் டிரம்மின் உட்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து வரியைக் கலைத்துவிட்டால் ஒலி நின்றுவிடும். லேத்காரரிடம் கொடுக்கும்போதே, கடைசி வெட்டை மிக மெதுவாக நகர்த்திக் கடையச் சொல்வது இன்னும் எளிது.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் பெடல் காலை மேலே தள்ளுவதுபோல் அடித்தால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது. வீல் நட்டுகளைச் சமமாக இறுக்காமல் விடுவதும், இறக்கத்தில் நன்றாகச் சூடேறிய டிரம்மோடு வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து வைப்பதும் இதற்கு வழி செய்யும். ஒகேனக்கல் இறங்கியவுடன் சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவது டிரம்முக்கு நல்லது. டிரம்மின் விட்டத்தை அளக்கும்போது விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பைத் தாண்டி உள்ளே அளக்க வேண்டும். குறுக்காகவும் நெடுக்காகவும் எடுத்த அளவுகள் வேறுபட்டால் கடைய வேண்டும். எவ்வளவு கடையலாம் என்பதற்கு அந்த வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள உச்ச அளவே வரம்பு. அதைத் தாண்டிய டிரம் மெலிந்து, சூட்டை ஏற்க முடியாமல் விரிசல் விடும். மெலிந்த டிரம் மணிபோல் அதிர்ந்து கூடுதலாகவும் கத்தும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்க டிரம்மை மட்டும் கடைந்து மறுபக்கத்தை விட்டுவைக்கக் கூடாது.

அறிகுறி: மேடுபள்ளச் சாலையில் கடகடப்பு, பெடலைத் தொட்டால் அமைதி

ஷூவைப் பேக் பிளேட்டோடு பிடித்துவைக்கும் சிறு ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது முன்பு திறந்தவர் அதை மாட்டவே இல்லை. புதிது போட்டால் சரியாகிவிடும்.

அறிகுறி: ஒரு பக்கமாக இழுத்தல், சக்கரத்தின் உட்புறம் ஈரம்

டயர்களின் காற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு டிரம்மைத் திறக்க வேண்டும். லைனிங்கில் ஈரம் படிந்த பக்கம் பிடிப்பு மாறுவதால் வண்டி பக்கவாட்டில் இழுக்கிறது. ஈரம் எதிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் லைனிங்கை மாற்றினால் பணம் வீண். அந்த ஈரத்தில் ஒரு சொட்டை விரலில் தொட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம். டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். அப்படியானால் கசிவது, ஆயிலின் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். மிதந்து வானவில் நிறமாகப் படர்ந்தால் அது பின் ஆக்சிலின் ஆயில் சீலைத் தாண்டி வந்த கியர் ஆயில், அல்லது சக்கரத்தின் மையப் பகுதியான ஹப்பிலிருந்து உருகி வந்த கிரீஸ். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சூடேறும்போது உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும் என்பதால் அது பயன்படாது. இரு பக்க லைனிங்கையும் மாற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி: இறக்கத்தில் பெடல் இருக்கிறது, பிடிப்பு இல்லை

இது சத்தமில்லாத பழுது. ஆகவே மிகவும் ஆபத்தானது. தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும்போது டிரம் சூட்டில் விரிந்து ஷூவிலிருந்து விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. பெடல் கெட்டியாக இருந்து பிடிப்பு மட்டும் குறைந்தால் காரணம் இதுவே. பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொட்டால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் ஆகியிருக்கிறது. டாட் 3 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியபின் 140 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும். டாட் 4 வகைக்கு இவை 230, 155. ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியிலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். தொப்பூரில் ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்கி, என்ஜினால் வேகத்தைக் கட்டுப்படுத்தி, பிரேக்கை இடைவெளி விட்டு அழுத்துவதே டிரம் பிரேக் வண்டிக்கு ஏற்ற ஓட்டும் முறை. நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதைப் போன்ற விபரீதச் சிக்கனம் வேறில்லை.

அம்பாசடர் போன்ற வண்டிகளின் முன் சக்கரங்களில் இரண்டு ஷூக்களும் டிரம் சுழலும் திசையில் தாமாகவே இறுகும்படி அமைக்கப்பட்டிருக்கும். முன்னோக்கிப் போகும்போது இது நல்ல பலம். ஏற்றத்தில் நின்று வண்டி பின்னோக்கி உருளும்போது அந்த உதவி இராது. அப்போது பிடிப்பைத் தருவது பெரும்பாலும் பின் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் என்பதால், பின் டிரம்களின் அட்ஜஸ்ட்மென்டைக் கவனிக்காமல் விடலாகாது.

அறிகுறி: பெடலை விட்டபின்னும் பிரேக் பிடித்தபடி இருத்தல்

பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நான்கு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் (தொட வேண்டாம்) எது கொதிக்கிறது என்று தெரியும். ஒரு சக்கரம் மட்டும் என்றால் வீல் சிலிண்டரில் பிஸ்டன் இறுகியிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கும். ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகான பிளீடிங் நிப்பிளைத் தளர்த்தியவுடன் ஆயில் பீச்சி சக்கரம் விடுபட்டால், திரும்பும் வழியில் அடைப்பு என்று உறுதி செய்யலாம். பின் சக்கரங்கள் இரண்டும் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பார்க்க வேண்டும். நான்கும் என்றால் பெடலுக்கும், அதன் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு தளர்வு இல்லாமல் போயிருக்கிறது; அல்லது யாரோ அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றி ரப்பர் கப்புகள் எல்லாம் வீங்கியிருக்கின்றன. பின்னது நேர்ந்திருந்தால் குழாய்களைக் கழுவி, எல்லா ரப்பர்களையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஷூவும் வீல் சிலிண்டரும் மாற்றும் முறை

முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே இறக்க வேண்டும். இல்லையேல் டிரம்மின் வரப்பில் ஷூ மாட்டிக்கொள்ளும். டிரம்மைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றியபின்னும் வராவிட்டால், ஹப்பைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் சுற்றிலும் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு தெறித்துவிடும்.

ஒரே ஆக்சிலின் இரு பக்க டிரம்களையும் கழற்றலாம். ஆனால் ஷூவை ஒரு பக்கம் மட்டும் பிரித்து வேலையை முடித்துவிட்டு மறுபக்கம் செல்ல வேண்டும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்த ஷூ முன்னால் என்பதற்குப் பிரிக்காத பக்கமே சாட்சி. கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஷூக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்காமல், ஒரு ஷூவின் முனையை அதன் பள்ளத்திலிருந்து நெம்பி எடுத்து, இரண்டையும் ஸ்பிரிங்கோடு சேர்த்தே மடக்கி வெளியே கொண்டுவந்தால் கைவிரலுக்குக் காயம் இராது. வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வராமல் ரப்பர் பேண்டைச் சுற்றி வைக்க வேண்டும். டிரம் திறந்திருக்கும்போது எவரும் பெடலைத் தொடக் கூடாது.

வீல் சிலிண்டரின் தூசி உறையை விரலால் இலேசாக விலக்கிப் பார்க்கையில் உள்ளே ஈரம் இருந்தால், ரப்பர் கப்பை மட்டும் மாற்றுவதா சிலிண்டரையே மாற்றுவதா என்ற கேள்வி எழும். உட்சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் கப்பை மாற்றலாம். நகத்தில் தட்டும் குழி இருந்தால் சிலிண்டரைத்தான் மாற்ற வேண்டும், ஏனெனில் குழியில் உரசும் புதிய கப் சில மாதங்களில் கிழியும். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். ஒரு கப் கிழிந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும் என்பதால் இங்கே சில நூறு ரூபாய் மிச்சம் பார்ப்பது பொருத்தமன்று. ரப்பர்களைப் பிரேக் ஆயிலால் மட்டுமே கழுவ வேண்டும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அவற்றை ஊதச் செய்யும்.

புதிய ஷூவை மாட்டும்போது கையில் எண்ணெய் இருந்தால் லைனிங்கின்மேல் காகித டேப் ஒட்டிக்கொண்டு, டிரம் போடுமுன் உரித்துவிடலாம். நீலம் பாய்ந்த பழைய ஸ்பிரிங்குகள் சூட்டில் வலுவிழந்தவை. அவற்றை மாற்ற வேண்டும். டிரம்மை மாட்டியபின் பெடலைச் சில முறை அழுத்தி ஷூவை நடுவில் நிறுத்தி, சக்கரம் சுற்ற மறுக்கும்வரை அட்ஜஸ்டரை இறுக்கி, உரசல் மறையும்வரை தளர்த்த வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை இதற்குப் பிறகுதான் சரிசெய்ய வேண்டும்; முதலிலேயே கேபிளை இறுக்கிவிட்டால் ஷூ தன் இடத்துக்குத் திரும்பாமல், புதிய லைனிங்கும் மினுங்கத் தொடங்கும்.

ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயில் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் பொதுவாக இடப்பின், வலப்பின், இடமுன், வலமுன் என்பது வரிசை. நிப்பிளில் மாட்டிய குழாயின் முனை சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். மேலே உள்ள கிண்ணத்தில் ஆயில் வற்றிவிட்டால் முதலிலிருந்து தொடங்க நேரிடும். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும் என்பதால் சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

புதிய லைனிங் டிரம்மோடு பழகும்வரை சத்தம் சற்று இருக்கலாம். போக்குவரத்துக் குறைந்த சமதளச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு மிதமாகக் குறைத்து, டிரம் ஆறுவதற்கு இடைவெளி விட்டு, இதை இருபது முறையாவது செய்ய வேண்டும். அதுவரை பாரம் ஏற்றிக்கொண்டு கணவாய்ப் பக்கம் போக வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை மீண்டும் இறுக்கி, அட்ஜஸ்டரை ஒரு முறை சரிபார்த்து, நான்கு பேக் பிளேட்டுகளின் அடிப்புறத்தையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்து ஈரம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.